எழுத முடியாதவனைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு

கஷ்டப்படும் எழுத்தாளனைக் கதாநாயகனாக வைத்து நகைச்சுவை நாவல் எழுதுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுபவம் கையில் இருக்கிறது, ஆளைத் தேடி எங்கும் போக வேண்டாம், சிரிக்கவைக்க நாலு சம்பவம் கிடைத்தால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அப்படியொரு நாவலை எழுதி, பதிப்பாளரைத் தேடி அலைந்து, அச்சில் கொண்டுவந்து, விற்றும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வகை நாவலைச் சாகடிக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றையெல்லாம் திருத்திவிடலாம். உலகம் புரிந்துகொள்ளாத மேதையாகக் கதாநாயகனை ஆக்கிவிட்டால் அதைத் திருத்த வழியே இல்லை. அந்த இடத்திலேயே நாவல் சிரிப்பதை விட்டுவிட்டுப் புலம்ப ஆரம்பித்துவிடும். என் நாவலில் வரும் எழுத்தாளனை நான் மேதையாக்கவில்லை. சுமாராக எழுதுகிறவன், சோம்பேறி, கடன் வாங்கினால் திருப்பித் தர மறப்பவன் என்றுதான் படைத்தேன். எழுத்தாளர் குலத்தையே கேவலப்படுத்திவிட்டேன் என்று சக எழுத்தாளர்களிடமிருந்தே பேச்சு வாங்கினேன். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் நான் எடுத்த முடிவு சரி என்றே இன்றைக்கும் சொல்வேன். ஏன் சரி என்பதற்கு என் நாவலை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. என்னைவிடப் பெரியவர்கள் எழுதி வைத்திருப்பவை இருக்கின்றன. அவற்றை வைத்தே பேசுகிறேன்.

முதல் சாட்சி நம் நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைச் சுமந்தவர். ஆர்.கே. நாராயண் பெயரில் முதலில் நிற்கும் எழுத்து ராசிபுரத்தைக் குறிப்பது. அவர் 1906இல் சென்னையில் பிறந்தார், பாட்டி வீட்டில் வளர்ந்தார், வாழ்நாளில் பெரும்பகுதியை மைசூரில் கழித்தார், எழுதியது ஆங்கிலத்தில். ஆனால் குடும்பத்தின் வேர் இந்த மண்ணில் இருந்தது. எண்பதைத் தாண்டிய வயதில், 1990இல், ‘நாகராஜின் உலகம்’ என்று தமிழில் சொல்லத்தக்க நாவலை வெளியிட்டார். அவருடைய கற்பனை ஊரான மால்குடியில், கபீர் தெருவில் பெரிய வீடு. அதன் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நாகராஜ். நாரதரைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுத வேண்டும் என்பது அவன் லட்சியம். நோட்டுப் புத்தகங்கள் வாங்குகிறான், விஷயம் தெரிந்தவர்களைத் தேடிப் போகிறான், குறிப்பெடுக்கிறான். இதற்கிடையே ஊரிலிருந்து அண்ணன் மகன் டிம் வந்து வீட்டில் தங்குகிறான். பிறகு டிம்முக்குக் கல்யாணம் ஆகி, மனைவி சரோஜாவும் வருகிறாள். அவளோடு ஆர்மோனியமும் வருகிறது. நாகராஜ் எழுத உட்காரும்போதெல்லாம் அது ஒலிக்கிறது. கடைசிவரை நாரதர் புத்தகம் உருவாகவில்லை. கதை இவ்வளவுதான். இதைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. நாகராஜை வெறுத்தவர்களோ அதைவிடக் குறைவு.

இந்த நாவல் எப்படி நிற்கிறது என்பதை ஒரு சின்ன விஷயத்தில் பார்க்கலாம். நாகராஜுக்கு வீட்டில் பேச்சுத் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும். அதற்காக ஒரு காவி உடையை உடுத்திக்கொள்கிறான். அது உடம்பில் இருக்கும் நேரத்தில் தன்னிடம் யாரும் பேசக் கூடாது, தானும் பேச மாட்டேன் என்பது ஏற்பாடு. உள்ளே இருப்பவன் துறவி அல்ல. அண்ணனுக்குப் பயந்தவன், அண்ணன் மகனைக் கண்டிக்கத் தெரியாதவன், மனைவி சீதா ஒரு கேள்வி கேட்டால் பதில் தேடித் திணறுபவன். அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டு அவன் மனசுக்குள் நடத்தும் வாதங்களெல்லாம் குடும்ப வாதங்களே. நாராயண் இதைக் கிண்டல் செய்யவில்லை. ஒரு மனிதனுக்குத் தனிமை எவ்வளவு தேவைப்படுகிறது, அதைக் கேட்டு வாங்க அவனுக்கு எவ்வளவு தைரியக் குறைவு என்ற இரண்டையும் ஒரே துணியில் காட்டிவிடுகிறார். நாரதர் புத்தகம் எழுதப்பட்டிருந்தால் அது காவியமாக இருந்திருக்குமா, குப்பையாக இருந்திருக்குமா என்று ஓரிடத்திலும் அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தின் தரம் கதைக்குத் தேவையே இல்லை. தேவைப்படுவது அதன் மேல் நாகராஜ் வைத்திருக்கும் ஆசை. இந்த வித்தியாசம் பிடிபட்டவர்கள் இந்த வகை நாவலை எழுதலாம். பிடிபடாதவர்கள் வேறு வகை எழுதுவது நல்லது.

பிடிபடாமல் எழுதப்பட்ட கைப்பிரதிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். கருத்துச் சொல்லும்படி கேட்டுக் கொடுக்கிறார்கள். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். அவற்றின் போக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. கதாநாயகன் எழுதிய நாவல் மகத்தானது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே அறிவிக்கப்படும். பத்திரிகை ஆசிரியர் அறிவிலி. பதிப்பாளர் திருடன். மனைவிக்குச் சேலையும் நகையும் மட்டுமே தெரியும். ஊர்க்காரர்களுக்கு லாரியும் முட்டையும் தவிர வேறெதுவும் தெரியாது. கடைசி அத்தியாயத்தில் டெல்லியிலிருந்து தொலைபேசி வரும், விருது அறிவிக்கப்படும், திட்டியவர்களெல்லாம் மாலையோடு வாசலில் நிற்பார்கள். இதில் சிரிப்பு வராததற்குக் காரணம் எளிது. ஒருவன் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நாம் அவனைப் பார்ப்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்திலிருந்துதான் நகைச்சுவை பிறக்கிறது. கதாநாயகன் தன்னை மேதை என்று நினைக்கலாம், தாராளமாக நினைக்கட்டும். நாவலாசிரியரும் அதையே நினைத்தால் தூரம் போய்விடுகிறது. அதன் பிறகு வாசகருக்கு மிஞ்சும் வேலை தலையாட்டுவது மட்டும். தலையாட்டுவதற்கு யாரும் முந்நூறு ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்குவதில்லை.

இந்தத் தவறு ஒரு பாத்திரத்தோடு நிற்காது, சுற்றியுள்ள எல்லோரையும் கெடுக்கும். அதனால்தான் இதை எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு என்கிறேன். கதாநாயகன் மேதை ஆனதும், அவனுக்குக் குறுக்கே வரும் எல்லோரும் வில்லன்கள் ஆகித் தீர வேண்டும். மளிகைக் கடைக்காரர் பாக்கி கேட்டால் அது கலைக்கு எதிரான குற்றம். குழந்தை அழுதால் அதுவும் குற்றம். நாராயண் உலகத்தில் பாருங்கள், சரோஜா ஆர்மோனியம் வாசிப்பது நாகராஜைக் கெடுக்க அல்ல. அவளுக்குப் பாட்டுப் பிடிக்கும், அவ்வளவுதான். அவள் ஆசைக்கும் அவன் ஆசைக்கும் ஒரே வீட்டில் இடம் போதவில்லை. இருவரும் நியாயமானவர்கள் என்பதாலேயே சிக்கல் தீராமல் இருக்கிறது, தீராததாலேயே சிரிப்பு தொடர்கிறது. 1961இல் வந்த அவருடைய ‘மால்குடியின் ஆட்கொல்லி’யிலும் இதே அணுகுமுறைதான். அதில் ஒரு கவிஞர் வருகிறார். கிருஷ்ணனின் வாழ்க்கையை ஓரசைச் சொற்களை மட்டும் வைத்துக் காவியமாக எழுதுவது அவர் பிடிவாதம். கேட்டாலே விபரீதமாகப் படும் முயற்சி. ஆனால் அச்சகக்காரர் நடராஜ் அதை மதித்து அச்சிடுகிறார். ராதை கல்யாணப் பகுதி முடிந்ததும் கோயிலில் விழா எடுத்து ஊரே கொண்டாடுகிறது. ஊரை முட்டாளாக்காமலேயே, விபரீதமான ஒரு கவிஞரை வைத்து நம்மைச் சிரிக்கவைக்க முடிகிறது. ஊரை மதிக்கத் தெரியாத நாவலாசிரியருக்கு நகைச்சுவை வசப்படாது என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

“நாராயணுக்கு என்ன, ஆங்கிலத்தில் எழுதினார், ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் கைகொடுத்தார், நாகராஜுக்கோ சொந்த வீடும் சொத்தும் இருந்தன, பசியே தெரியாதவன் எப்படிக் கஷ்டப்படும் எழுத்தாளன் ஆவான்?” என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டும். நாராயணுக்கும் ஆரம்பம் சுகமாக இல்லை. மைசூரிலிருந்து சென்னைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பி, அச்சில் வந்த பத்தியை அங்குலக் கணக்கில் அளந்து கூலி வாங்கியவர் அவர். முதல் நாவலைப் பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பருக்கு, கைப்பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடச் சொல்லி எழுதினார். நண்பர் அப்படிச் செய்யாமல் கிரீனிடம் கொண்டுபோனதால் 1935இல் அந்த நாவல் வெளிவந்தது. இவ்வளவும் பட்டவர், தன் எழுத்தாளப் பாத்திரத்தைப் புலம்பவிடவில்லை. நாகராஜுக்குச் சொத்தைக் கொடுத்ததும் தெரிந்தே செய்த காரியம் என்று நினைக்கிறேன். பணக்கஷ்டம் இருந்தால் அதைக் காரணம் காட்டி எழுத்தாளன் தப்பித்துவிடுவான். வசதியைக் கொடுத்து, நேரத்தைக் கொடுத்து, திண்ணையைக் கொடுத்து, அப்புறமும் அவனால் எழுத முடியவில்லை என்று காட்டினால் தப்பிக்க இடமில்லை. எழுத்தின் உண்மையான கஷ்டம் அங்கேதான் வெளிப்படுகிறது.

பசியோடு எழுதியவர்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் புதுமைப்பித்தனை அழைக்கலாம். அவர் 1937இல் எழுதிய ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் முருகதாசர் என்ற எழுத்தாளர் வருகிறார். சென்னைச் சந்தில் குடித்தனம், மனைவி கமலம், குழந்தை அலமு. அந்த ஒரு நாளுக்குள் வரும் பிரச்சினைகள் கடை பாக்கியும், வந்த நண்பர்களுக்குக் காபியும், அவர்களிடமே கேட்க வேண்டிய கைமாற்றும்தான். சமூகத்தைச் சபிக்கும் பிரசங்கம் அதில் இல்லை. சில்லறைக் கணக்கு இருக்கிறது. 1943இல் வந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், வைத்தியப் பத்திரிகை நடத்தும் பிள்ளை தெருவில் சந்தித்த கடவுளையே ஆயுள் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். அந்த ஆயுள் யாருடையது, சந்தாதாரருடையதா பத்திரிகையுடையதா என்ற பேச்சும் வருகிறது. சிறுபத்திரிகை நடத்திய எவருக்கும் அந்த இடம் உயிரைத் தொடும். எழுதிய மனிதர் வறுமையோடும் காசநோயோடும் போராடி 1948இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். புலம்புவதற்குத் தமிழில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அவருக்கு உண்டு. அவர் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை. நாம் எந்த உரிமையில் புலம்புகிறோம் என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது சாட்சி அசோகமித்திரன். ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966இல் விட்டபின் எழுத்தை நம்பியே குடும்பம் நடத்தியவர். 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்வந்தார். அந்த நாட்களை வைத்து 1985இல் எழுதியது ‘ஒற்றன்’. தமிழில் எழுத்தாளனைப் பற்றிய ஆகச் சிறந்த நகைச்சுவை நாவல் எது என்று கேட்டால் தயங்காமல் அதைச் சொல்வேன். பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் தங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம், ஒரு பயம். எத்தியோப்பிய எழுத்தாளரோடு உரசல் வருகிறது. சக எழுத்தாளன் ஒருவன் தன் நாவலை வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறான். குளிரும் சாப்பாடும் போக்குவரத்தும் பெரிய விவகாரங்கள் ஆகின்றன. கதை சொல்பவர் தன்னை மற்றவர்களைவிட ஒரு அங்குலம்கூட உயர்த்திக்கொள்வதில்லை. தமிழுக்கு வெளிநாட்டில் கிடைத்த மரியாதை, தமிழ்நாட்டில் கிடைக்காத மரியாதை என்ற பேச்சையே அவர் எடுப்பதில்லை. எடுத்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், நாவல் போயிருக்கும். எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் இலக்கியத்தைவிட, அடுத்த அறையில் இருப்பவரோடு எப்படி ஒத்துப்போவது என்பதே பெரிய பிரச்சினை என்று அவர் கண்டுகொண்டார். அந்த உண்மைதான் நம்மைச் சிரிக்கவைக்கிறது.

இந்த மூவரிடமிருந்தும் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று: புலம்பல் இருக்கும் இடத்தில் கணக்கை எழுதுங்கள். நீங்கள் ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஆத்தூரிலோ இருக்கிறீர்கள், பகலில் ஒரு வேலை, இரவில் எழுத்து, வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தில் எழுதுகிற எவருடைய நிலைமையும் அதுதான். முந்நூறு ரூபாய் விலையுள்ள நாவலுக்குப் பத்துச் சதவீத உரிமைத்தொகை என்றால் பிரதிக்கு 30 ரூபாய். 300 பிரதிகள் விற்றால் 9,000 ரூபாய். முட்டை ஒன்று 5 ரூபாய் என்று வைத்தால் 1,800 முட்டை, அதாவது 30 முட்டை அடுக்கும் அட்டையில் 60 அட்டை. நாமக்கல்லில் முட்டைக்கு விலை நிர்ணயம் ஆகிறது, காசு சுத்தமாக எல்லோருக்கும் அது தெரியும். ஒரு நாவலுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வாசகர் தானாகச் சிரிப்பார், வருத்தமும் படுவார். தமிழ்ச் சமூகம் எழுத்தாளனை மதிக்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதினால் இரண்டும் நடக்காது. கோழிப் பண்ணை அலுவலகம், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, பள்ளிபாளையத்துத் தறிக்கூடம், சேலத்துப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை, ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போய்வரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்று கணக்கு எழுதும் இடங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒரு மேஜையில் உட்கார்ந்து ரகசியமாக நாவல் எழுதுகிறவனைவிட நல்ல கதாநாயகன் சென்னையில் கிடைக்க மாட்டான். அந்த வேலையை எழுத்துக்கு எதிரியாகவும் காட்டாதீர்கள். மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை படம் வரைந்து சம்பாதித்தவர். நாவலாசிரியர் பெருமாள்முருகன் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தவர். இன்னொரு தொழில் கையில் இருப்பது இந்த மண்ணில் எழுத்தாளனின் இயல்பான நிலை.

பெருமாள்முருகன் பெயரைச் சொன்னதும் இன்னொரு ஆட்சேபம் எழும், அது முந்தையதைவிடக் கனமானது. “நாமக்கல் மாவட்டத்தில் ஒரு எழுத்தாளருக்கு நடந்ததைப் பார்த்த பிறகும், எழுத்தாளனின் கஷ்டத்தைச் சிரிப்பாக்க மனசு வருமா?” என்பது அது. நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2010இல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியது, பிரதிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு உடன்பட நேர்ந்தது. அதன் பிறகு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுத வந்தார். இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. நான் சிரிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் திரும்பி வந்தபின் அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள். 2016இல் ஒரு வெள்ளாட்டின் கதையாகப் ‘பூனாச்சி’. 2018இல் ‘கழிமுகம்’. அதில் அரசு அலுவலரான குமராசுரர், மகன் செல்பேசி கேட்டதும் படும் பாடு முழுக்க நகைச்சுவையாக வருகிறது. தனக்கு நடந்ததை வைத்துத் தியாகி நாவல் எழுத அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. பயந்த ஒரு தகப்பனை வைத்துச் சிரிக்கவைக்கும் நாவலை அவர் எழுதினார். பயத்தை உள்ளே போய் அறிந்தவர் அதை ஒரு சாதாரணக் குடும்பத்தில் கொண்டுவந்து வைத்தார் என்றே அதை வாசிக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புத்தகம் விற்காததையும், மதிப்புரை வராததையும், பரிசு கிடைக்காததையும் அடக்குமுறை என்ற கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பிரதிகள் எரிக்கப்பட்டு ஊரைவிட்டுப் போக நேர்ந்தவரின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது தவறு, அநியாயமும்கூட. விற்காத புத்தகம் விற்காத புத்தகம்தான். அதை வைத்து நல்ல நகைச்சுவை நாவல் எழுதலாம், தியாக வரலாறு எழுதக் கூடாது. கஷ்டத்தின் அளவு தெரிந்தவருக்கே அதைப் பற்றிச் சிரிக்கவும் தெரியும். தன் சின்னக் கஷ்டத்தைப் பெரிதாக்குகிறவர், உண்மையில் பெரிய கஷ்டம் பட்டவரையும் சேர்த்துச் சின்னதாக்குகிறார்.

“எழுத்தாளனைப் பற்றிய நாவல் எழுத்தாளர்களுக்கு மட்டுமே புரியும், பொது வாசகருக்கு அதில் என்ன இருக்கிறது?” என்பது பதிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. எனக்கும் சொல்லப்பட்டது. அவர்கள் வாசகரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். செய்ய வேண்டும் என்று நினைத்து, செய்யாமலே தள்ளிப்போட்ட ஒரு காரியம் இல்லாத மனிதர் யார்? தறி ஓட்டுகிறவருக்குச் சொந்தத் தறி, ஓட்டுநருக்குச் சொந்த லாரி, பள்ளி ஆசிரியருக்கு ஆய்வுப் பட்டம். நாகராஜின் நாரதர் புத்தகம் இவர்கள் எல்லோருக்கும் புரியும். புரியாமல் போவது, எழுத்துக்கு மட்டும் ஏதோ தெய்வீகம் இருப்பதாக நாவலாசிரியர் பிடிவாதம் பிடிக்கும்போதுதான். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தது. இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனைப் படைத்து, அவன் வழியாகத் தமிழ் இலக்கிய உலகத்தை அது கடுமையாகப் பகடி செய்தது. அப்படியிருந்தும் இலக்கிய வட்டத்துக்கு வெளியிலும் அது படிக்கப்பட்டது, இன்றும் மறுபதிப்பு வருகிறது. அதில் எழுத்தாளன் உயர்ந்த லட்சியம் உடையவன்தானே, உங்கள் வாதத்துக்கு எதிரான சாட்சி ஆயிற்றே என்று கேட்கலாம். ஜே.ஜே.யை உயர்த்திப் பார்ப்பவன் பாலு என்ற கதைசொல்லி. அந்தப் பார்வையின் மிகையையும் தவிப்பையும் நாவல் மறைக்கவில்லை. வியப்பு பாலுவுடையது. அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை வாசகருடையது. தூரம் அங்கேயும் காப்பாற்றப்படுகிறது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், அவை எல்லோருக்கும் பொதுவானவை. கையால் எழுதினாலும் கணினியில் அடித்தாலும் ஒரே மாதிரிதான். மெய்ப்பு இரண்டு முறை பார்க்க வேண்டும், அதில் ஒருமுறை வேறு ஆள் பார்க்க வேண்டும். நகைச்சுவைப் பகுதிகளை வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்கும் வாக்கியத்தில் சிரிப்பு வராது. முதலில் 300 பிரதிக்கு மேல் அச்சிட வேண்டாம், தேவைக்கேற்ப அச்சிடும் வசதி இப்போது எங்கும் இருக்கிறது. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணையை நம்பிக் கடன் வாங்காதீர்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆசிரியரிடம் பணம் கேட்கும் பதிப்பாளரிடம், அச்சிட்ட எண்ணிக்கைக்கும் விற்ற எண்ணிக்கைக்கும் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். தர மறுப்பவருக்கு நாவலைத் தராதீர்கள். அந்தப் பணத்துக்கு உள்ளூர் அச்சகத்தில் நீங்களே அச்சிடலாம். நாராயணே போர்க்காலத்தில் மைசூரில் ‘இந்தியன் தாட்’ என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கி, தன் புத்தகங்களைத் தானே வெளியிட்டவர். சொந்தமாக வெளியிடுவது அவமானம் என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டே இரண்டு. ஒன்று, வீட்டை நடத்துகிறவருக்கு நல்ல வசனங்களைக் கொடுங்கள். மனைவி, அம்மா, அக்கா, யாராக இருந்தாலும் அரிசி வாங்குகிறவர் பேச்சில் நியாயம் இருக்கட்டும். எழுத்தாளன் அவரிடம் தோற்கும் ஒவ்வொரு முறையும் நாவல் ஜெயிக்கும். இரண்டு, உங்கள் எழுத்தாளனுக்கு நியாயம் வழங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நாகராஜ் புத்தகத்தை முடிக்கவில்லை. முருகதாசருக்கு ஒரு நாள்தான் கழிகிறது, கஷ்டம் கழியவில்லை. இவர்களுக்குப் பரிசு கொடுக்காமல் விட்டதால்தான் பல பத்தாண்டுகள் கழித்தும் நாம் இவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கைப்பிரதியின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனுக்கு விருது கிடைக்கிறதென்றால், அந்த அத்தியாயத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.